கோபுரத்தில் கொடி காட்டிய கதை

எனக்கு உயரம் என்றால் பயம். நாலே நாலு வார்த்தை. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு அறுபது வயது ஆயிற்று. அதுவரை இதை மறைக்க நான் பட்ட பாட்டில் பாதியைப் படிப்பில் பட்டிருந்தால் எங்கேயாவது கலெக்டராக உட்கார்ந்திருப்பேன்.

முப்பத்தைந்து வருடம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போய் வந்தேன். பாலத்தின் நட்ட நடுவில்தான் நடப்பேன். கம்பி ஓரம் போனால் கீழே நிற்கும் ரயிலின் கூரை தெரியும். தெரிந்தால் உள்ளங்கால் கூசும். அதனால் பார்வையை நேராக வைத்துக்கொண்டு, யாருக்கும் வழிவிடாமல் போவேன். எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்குவார்கள். "சார் நடக்கிற நடையே தனி, என்ன ஒரு கம்பீரம்" என்று கூட வரும் நண்பர் ஒருவர் பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அலுவலகம் நான்காவது மாடி. பதவி உயர்வோடு ஜன்னலோர மேஜை வந்தபோது, "எனக்கெதுக்குங்க காத்து, சின்னவங்க உட்காரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பழைய கோப்புகள் அடுக்கிய இருட்டு மூலைக்குப் போய்விட்டேன். நான் ஓய்வு பெற்ற நாளில் அதை என் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்லி ஒரு பெண் ஊழியர் கண் கலங்கினார். நான் மறுக்கவில்லை. மறுப்பதும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியும்.

திருநீர்மலைக்குக் குடும்பத்தோடு போனால் அடிவாரக் கோயிலோடு நின்றுகொள்வேன். "கீழே இருக்கிறவரும் பெருமாள்தானே, அவரை யாரும் கண்டுக்காம மேலேயே ஓடினா எப்படி?" என்பேன். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை ஏறிப்போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருவாள். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு பக்தியோடு உட்கார்ந்திருப்பேன்.

பயத்தை மறைப்பது கஷ்டமே இல்லை என்று இப்படித்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு ஏதாவது ஒரு நல்ல குணத்தின் பெயரை வைத்துவிட்டால் போதும். மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கம்பீரம், தியாகம், பக்தி எல்லாம் ஒரே கடையில் வாங்கிய சரக்கு.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு ஆசையும் இருந்தது. எங்கள் காலனி, தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் வழியில் இருக்கிறது. காலனிக்கும் அதை ஒட்டிய பழைய ஊருக்கும் பொதுவாக ஒரு பிள்ளையார் கோயில். நான் இங்கே வீடு கட்டி வந்து சில வருடங்களில் அதற்குக் கும்பாபிஷேகம் நடந்தது. யாகசாலையில் பூஜை செய்த குடங்களைத் தூக்கிக்கொண்டு குருக்கள்மார்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஏறினார்கள். எல்லாக் கலசங்களிலும் ஒரே நொடியில் நீர் விழ வேண்டும். அதற்காக எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில் ஒருவர் நின்று பச்சைத் துணியை அசைப்பார். அந்தத் துணி அசையும்வரை குருக்கள்மார், மேளக்காரர், கீழே நிற்கும் ஆயிரம் பேர், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று அசைத்தவர் கோயிலுக்கு நிலம் கொடுத்த ஊர்க் குடும்பத்துப் பெரியவர். தலையில் பரிவட்டம், வெற்று மார்பில் சந்தனம், கையில் பச்சைப் பட்டு. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நான் அண்ணாந்து பார்த்தேன். துணி அசைந்தது. மேளம் கொட்டியது. "பிள்ளையாரப்பா" என்று கூட்டம் கத்தியது. என் கழுத்தில் தீர்த்தம் தெறித்தது. பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்ள எனக்கு எத்தனையோ இருந்தன. ஆனால் அந்த நிமிடம் என் மனதில் இருந்தது அந்தப் பச்சைத் துணி மட்டும்தான். அது என் கையில் இருக்க வேண்டும், இத்தனை பேரும் என்னைப் பார்க்க வேண்டும். உயரத்துக்குப் பயந்தவனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். மனிதனுக்கு எது முடியாதோ அதன் மேல்தான் நாக்கு ஊறும் போலிருக்கிறது.

பன்னிரண்டு வருடம் கழித்து அடுத்த கும்பாபிஷேகம் வந்தது. இந்த முறை வாசலில் மூன்று நிலைக் கோபுரம் புதிதாக எழுந்திருந்தது. நான் கோயில் கமிட்டிச் செயலாளர். அந்தப் பெரியவர் காலமாகி, அவர் மகன் தலைவராக இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, மெயின் ரோட்டில் இரும்புக் கடை. பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். காலனிக்காரர்கள் அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படுவோம். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

கமிட்டிக் கூட்டத்தில், கோபுரத்தில் கொடி காட்டுவது யார் என்ற பேச்சு வந்தது. வழக்கப்படி தலைவர் குடும்பம்தான். ஆனால் எனக்குள் பன்னிரண்டு வருட ஆசை கிடந்து குதித்தது. போதாததற்கு, தொழிற்சங்கத்தில் இருபது வருடம் பேசிப் பழகிய வாய். எழுந்து நின்றேன். "நிலம் கொடுத்தது உங்க குடும்பம். அதை யாரும் மறக்க மாட்டோம். ஆனா இந்தக் கோபுரம் காலனிக்காரங்க வீடு வீடா நின்னு எழுப்பினது. கோபுரத்துல ஏறுறதுக்கு மட்டும் எங்கள்ல ஒருத்தருக்குத் தகுதி இல்லையா?" என்று ஆரம்பித்து, பத்து நிமிடம் விடாமல் பேசினேன். காலனியின் மானம் முழுவதும் அந்தத் துணியில்தான் இருக்கிறது என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

தலைவர் எழுந்து சத்தம் போடுவார், ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கடைசியில் நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. கேட்டுப் பார்த்த பெருமை எனக்கு, ஏறும் வேலை அவருக்கு. ஆனால் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "சார் சொல்றதும் நாயம்தான். இந்த தபா சாரே ஏறிக் காட்டட்டும்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் கணக்கு தப்பிப்போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? வெற்றிக் களிப்பு போல ஒன்று தலைக்கேறி, "தலைவரும் என் கூடவே மேல வரணும். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு அதுதான் மரியாதை" என்று ஒரு தீர்மானத்தையும் சேர்த்து நிறைவேற்ற வைத்தேன். தலைவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தது. முதல் இரண்டு நாள் தைரியத்தை வளர்க்க முயன்றேன். ஸ்டேஷனுக்குப் போய் மேம்பாலத்தின் நடுவில் நின்று, ஓரத்தை நோக்கி அரை அடி நகர்ந்தேன். இன்னொரு அரை அடி நகர்வதற்குள் வேர்த்து விறுவிறுத்துப் போயிற்று. ஒரு பெண் போலீஸ் வந்து, "ஐயா, உடம்புக்கு முடியலையா?" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தார். அதோடு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

பிறகு சாக்குத் தேடினேன். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள், ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள் என்பார்கள். மூட்டு வலி என்றால் தூக்கிக்கொண்டே போய் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவு உற்சாகத்தில் இருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு சாக்குதான் எடுபடும் என்று தெரிந்தது. தீட்டு. பங்காளி வகையில் யாராவது இறந்துவிட்டால் நான் கோயில் வாசலையே மிதிக்க முடியாது. யாரும் குறை சொல்லவும் முடியாது.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. சொந்த ஊரில் எனக்கு ஒரு பெரியப்பா, தொண்ணூறு வயது, ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். நான் தினமும் போன் செய்ய ஆரம்பித்தேன். "பெரியப்பா எப்படி இருக்கார்? சாப்பிடறாரா? மூச்சு எப்படி இருக்கு?" வருடத்துக்கு ஒருமுறை பேசுகிறவன் தினமும் விசாரிப்பதைப் பார்த்து அந்த வீடே நெகிழ்ந்துபோயிற்று. போனை அவர் காதில் வைத்து, "உங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று சொல்லிக் காட்டினார்கள். பத்தாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். பதினைந்தாம் நாள் வாசல் வரைக்கும் நடந்தார். உன் போன்தான் அவரைப் பிழைக்க வைத்தது என்று என் தம்பி முறைக்காரன் அழுதான். நானும் அழுதேன்.

கும்பாபிஷேகத்தன்று காலை எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். மாலை போட்டார்கள். வெள்ளித் தட்டில் பச்சைப் பட்டு வந்தது, நான்கு முழம் இருக்கும். இத்தனை வருடம் ஏங்கியது கைக்கு வந்தபோது, அது ஒரு துணியாக மட்டும் இருந்தது. தலைவருக்கும் பரிவட்டம் கட்டினார்கள். அவர் யாரிடமும் பேசவில்லை. கூட்டத்தில் என் மனைவி முன்வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்து, சிரிக்க முயன்றேன்.

கோபுரத்தின் பின்பக்கம் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டி, வளைந்து வளைந்து ஏறும்படி பலகைகள் போட்டிருந்தார்கள். முதலில் குடத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு குருக்கள் ஏறினார். என்னைவிட மூத்தவர், சமையலறைக்குள் போகிற மாதிரி போனார். அடுத்து நான். எனக்குப் பின்னால் தலைவர். முதல் நிலை வரைக்கும் குருக்களின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டேன். இரண்டாம் நிலையில் பலகை திரும்பும் இடத்தில் குருக்கள் சட்டென்று மறைந்தார். அவர் குதிகால் இருந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தின் தலை தெரிந்தது. மரத்தை அதன் தலைப்பக்கத்திலிருந்து பார்ப்பது நல்ல காட்சி அல்ல.

பக்கத்துக் கம்பைக் கட்டிப்பிடித்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. மேலே குருக்கள் கூப்பிடுவது கேட்டது. முகூர்த்தம் முடிய இன்னும் பத்து நிமிடம்தான். மற்ற விமானங்களில் குருக்கள்மார்கள் குடத்தோடு காத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் அண்ணாந்து நிற்கிறார்கள். இந்த முகூர்த்தம் என்னால் தவறினால் அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு அந்தப் பேச்சுதான் இருக்கும்.

"இன்னா சார், நின்னுட்டீங்க?" என்றார் பின்னாலிருந்து தலைவர்.

இனி மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "தலைவரே, எனக்கு உயரம்னா பயம்" என்றேன்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். தெருமுனை வரைக்கும் கேட்கும் அந்தக் குரல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது. "எனக்கு மட்டும் இன்னா சார், ரெக்கையா கீது? எனக்கும் பயம்தான். அதனாலதான அன்னிக்கு நீங்க கேட்டதும் குடுத்துட்டேன். தப்பிச்சோம்டான்னு நெனச்சேன். நீங்க வுட்டீங்களா? கூட வரணும்னு தீர்மானம் போட்டு பேஜார் பண்ணிட்டீங்க."

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சாரமே லேசாக ஆடியது, இருவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். "அப்போ உங்கப்பா?" என்றேன். "அப்பாக்கு இதெல்லாம் ஜுஜுபி சார். எனக்குத்தான் வரல. அவர் மவன்னு சொல்லிகினு கீழ நிக்க முடியுமா?" என்றார்.

வேறு வழி இல்லாததால் ஒரு யோசனை தோன்றியது. பட்டுத் துணியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறு முனையை அவர் கையில் சுற்றிக்கொண்டார். நான் ஒரு அடி வைத்தால் அவர் ஒரு அடி வைப்பார். "வந்துகினே கீறேன், போங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். துணியால் ஒரு பலனும் இல்லை, ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவோம். ஆனால் பின்னால் இன்னொருவனும் பயந்துகொண்டு வருகிறான் என்பதில் எனக்கு என்னவோ பெரிய தெம்பு.

உச்சியில் நான்கைந்து பலகை அகலத்துக்கு ஒரு மேடை. குருக்கள் கலசத்தின் அருகே குடத்தைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். "சீக்கிரம், கொடியைக் காட்டுங்கோ" என்றார். எனக்கு ஒரு கை கம்பைவிட்டு வரவில்லை. தலைவருக்கும் அதே கதை. துணியின் முனையையும் அவர் விடவில்லை, நானும் விடவில்லை. மிச்சமிருந்த ஆளுக்கொரு கையைத் தூக்கினோம். நான்கு முழப் பட்டு எங்கள் இருவருக்கும் நடுவே விரிந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

மேளம் வெடித்தது. எல்லா விமானங்களிலும் நீர் விழுந்தது. கீழே ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். "பாருங்கள் பக்தர்களே! ஊரும் காலனியும் ஒரே கொடியைச் சேர்ந்து பிடித்துக் காட்டும் காட்சியைப் பாருங்கள்! விட்டுக்கொடுக்கும் பெரிய மனதைப் பாருங்கள்!" சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். கருடன் வட்டமிட்டதாம். எனக்குத் தெரியாது, நான் கண்ணைத் திறக்கவில்லை.

குருக்கள் வெறும் குடத்தோடு கிடுகிடுவென்று இறங்கிப் போய்விட்டார். கூட்டம் அன்னதானப் பந்தலை நோக்கி நகர்ந்தது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட்டார்கள். நாங்கள் இருவரும் மெல்ல, உட்காருவதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, கோபுரச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். ஏறும்போது யோசிக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. இறங்க வேண்டும். இறங்குவதென்றால் கீழே பார்க்க வேண்டும்.

மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தூரத்தில் தாழ்ந்து போயிற்று. தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் சிங்கப்பூர்ல கீறான் சார். பேரப் பையன் பொறந்து மூணு வருஷம் ஆச்சு. ரெண்டு தபா டிக்கெட் போட்டு அனுப்பிட்டான். பி.பி., டாக்டர் போவக்கூடாதுன்ட்டார்னு சொல்லி வெச்சிருக்கேன். போன்லதான் பாக்கறேன் கொழந்தைய" என்றார். மீசையும் குரலும் உள்ள அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது.

வெயில் ஏறியது. சாம்பார் வாசனை மேலே வரைக்கும் வந்தது. "சார், ஒண்ணு பண்ணலாம்" என்றார். "பந்தி எல்லாம் முடியட்டும். ஜனம் வூட்டுக்குப் போனதும் யாரும் பாக்காதப்ப இறங்கிக்கலாம்."

"எப்படி இறங்குவோம்?"

"அது தெரியல."

குருக்கள் மந்திரம் சொல்வதற்காகக் கம்பில் ஒரு மைக்கைக் கட்டி வைத்திருந்தார்கள். அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கத்தினால் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மைக்கில் சொன்னால் காலனி, ஊர், மெயின் ரோடு, பஸ் ஸ்டாப் எல்லாவற்றுக்கும் கேட்கும். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வாழ்நாளில் கிடைக்காத பேரை வாங்கியிருக்கிறேன். அதை என் வாயாலேயே கெடுத்துக்கொள்வதா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சாரத்தில் அவரிடம் உண்மையைச் சொன்னதிலிருந்து நெஞ்சு லேசாக இருந்தது. நாற்பது வருடமாக அப்படி இருந்ததே இல்லை. அந்தச் சுகம் இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. அதுவும் ஒரு ஆசைதான்.

மைக்கை அவிழ்த்தேன். தலைவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சார், வோணாம். மானம் பூடும்."

"போகட்டும் தலைவரே. பசிக்குது" என்றேன். பிறகு மைக்கில் சொன்னேன். "நான் செயலாளர் பேசறேன். கோபுரத்து மேலதான் இருக்கேன். எனக்கு உயரம்னா பயம். சின்ன வயசுலேருந்தே பயம். கொடியைச் சேர்ந்து பிடிச்சது ஒற்றுமைக்காக இல்லை, விட்டா விழுந்துடுவோம்னுதான். இறங்கத் தெரியலை. யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க."

பாட்டு நின்றது. பந்தலில் அத்தனை பேச்சும் நின்றது. தலைவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு, "குடுங்க சார்" என்று மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் மேலதான் கீறேன். எனக்கும் அதே கேஸ்தான். வாங்கப்பா" என்றார்.

சாரம் கட்டிய மேஸ்திரி ஓடி வந்தார். எங்களைத் திருப்பி நிற்க வைத்து, சுவரைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு காலாகப் பிடித்துப் பலகையில் வைத்து இறக்கினார். நாங்கள் மண்ணை மிதித்ததும் பந்தலே எழுந்து நின்று கை தட்டியது. கொடி காட்டியபோது விழுந்ததைவிடப் பலமான கைதட்டல். சிரித்தார்கள்தான், ஆனால் கேலியாக இல்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் பொருளாளர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்குப் பல்லின்னா ஆகாது" என்றார். மறுவாரம் தலைவர் தன் மகனுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்து இறங்கினான்.

நான் அதற்குப் பிறகு தரையில் நடக்கவில்லை. மறைத்து வாங்கிய நல்ல பெயரைவிட ஒத்துக்கொண்டு வாங்கிய நல்ல பெயர் இனிப்பாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னேன். "மேலே ஏறுவது தைரியமே இல்லை சார். பயமா இருக்குன்னு ஊருக்கு நடுவுல சொல்றதுதான் தைரியம்" என்று முடிப்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். மனைவி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவரை அனுப்பிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிரஷ்ஷும் சின்ன பக்கெட்டுமாக நின்றாள். மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாள். மாடிக்கும் எங்கள் வீட்டில் படிக்கட்டு இல்லை, இரும்பு ஏணிதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் எனக்குக் கோயிலில் ஏதாவது வேலை இருக்கும்.

"உனக்குக் கவலையே இல்லை. பயம்னா என்னன்னே தெரியாது. கொடுத்து வெச்சவ" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். கோபமாகக்கூட இல்லை. "யார் சொன்னா? எனக்கும் பயம்தான். உங்களுக்குப் பயம்னு கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சுட்டேன். நானும் சொல்லிட்டா, அப்புறம் யார் ஏறுறது? அடுத்த நாள் குழாய்ல தண்ணி வர வேண்டாமா?"

நான் வாயடைத்துப்போய் நின்றேன். சங்கத்தில் பேசிய வாய், கமிட்டியில் பேசிய வாய், மைக்கில் பேசிய வாய். ஆள் வைத்துக் கழுவிக்கொள்ளலாம் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அது அடுத்த தடவை. இன்னிக்கு வந்து ஏணியைப் பிடிச்சுக்கோங்க, அது போதும்" என்றாள்.

இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறினாள். பதினைந்து வருடத்துக்கு மேலாக அவள் ஏறும் ஏணி. அதில் அவள் கால்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் நடுங்கின. அவள் ஏறிக்கொண்டே இருந்தாள்.